காருக்கும் ஜாதகமா?

தோழர் ஒருவர் தமது பியட் பாலியோ 1.6 காரைக் கொடுத்து, மேலே பணமும் போட்டு, பழைய ஹோண்டா சிட்டி விடெக் காரொன்றை வாங்கலாமா என்று ஜோசியரிடம் போயிருக்கின்றார். ஜோசியர் அந்த வண்டியின் நம்பரைக் கூட்டி, 8 வருகின்றது, சனியின் எண், ஆகாது என்றாராம்! ஆர்.டி.ஓ. ஆபீசில் வரிசைப்படி கொடுத்த நம்பருக்கும் சனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கின்றோம்.

பார்க்க வேண்டியது வேறு. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது? அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே பாழாகும். அடிப்பாகம் துருப்பிடித்திருக்கின்றதா? 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்தாயிற்றா? அக்கட்டணம் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. இதை எந்தப் பஞ்சாங்கம் சொல்லிற்று?

நம்மைக் கேட்டால், குற்றங்குறை தெரிந்த சொந்த வண்டியையே வைத்துக்கொண்டு, மேலே போடும் பணத்தைப் பிரேக்குக்கும் டயருக்கும் செலவிடலாம் என்போம். பாலியோ தயாரிப்பு இந்தியாவில் நின்று வெகுகாலமாயிற்று. உதிரிப்பாகம் கிடைப்பது கஷ்டம் என்பதொன்றே மாற்றுவதற்கு நியாயமான காரணம். அப்படி மாற்றுவதானால், 8-க்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்கும் அந்த வண்டியைத் தோழர் தாராளமாய் விலை குறைத்துக் கேட்கலாம்.