உலக வலம்: ஆயுதமில்லாத தூதர்கள்



சென்ற டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் மாலை, நம் சங்கத்தின் படிப்பகத்தில் வழக்கம்போல் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாகப்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் ஆண்டுதோறும் ஏற்றும் விளக்கு அது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அவருடைய தமக்கையாரையும், தமக்கையாரின் பேரக் குழந்தைகள் இருவரையும் ஒரே காலையில் கொண்டுபோயிற்று. விளக்கின் எதிரே நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்த பெரியவர், பிறகு என்னை அருகே அழைத்தார்.

"தம்பி, நீங்கள் உலகச் செய்திகளை எழுதுகிறவர். ஒன்று கேட்கிறேன். அந்த அலை முதலில் அடித்த இடம் சுமத்ராவின் வடமுனை. அங்கே அச்சே என்னும் பகுதியில் நெடுங்காலமாகச் சண்டை நடந்து வந்ததாம். அலைக்குப் பின் அது ஓய்ந்துவிட்டதாம். இலங்கையிலும் அதே அலைதானே அடித்தது? அங்கே மட்டும் ஏன் சண்டை ஓயவில்லை?"

அவருக்கு அப்போதே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. "எழுதுகிறேன், ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இம்மாதப் பகுதி. விடையைத் தேடப் புகுந்தபோது, அலை அடித்த இரு கரைகளையும் விட்டு, பனி மூடிய ஒரு தொலைதூர நாட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அந்நாடு பின்லாந்து.

பின்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 இலட்சம். நம் சென்னை மாநகரின் மக்களைவிடக் குறைவு. 1917-ல் விடுதலை பெற்ற அந்நாடு, மறு ஆண்டிலேயே உள்நாட்டுப் போரில் வீழ்ந்தது. அடுத்த வீட்டுக்காரனை அடுத்த வீட்டுக்காரன் சுட்ட அந்தச் சில மாதங்களின் வடு ஆறத் தலைமுறைகள் ஆயின. பின்னர் 1939-க்கும் 1944-க்கும் இடையே சோவியத் நாட்டுடன் இரு போர்கள். அவற்றின் முடிவில் கரேலியா என்னும் கீழைப் பகுதியைப் பின்லாந்து இழந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலைத் துறந்து எஞ்சிய நாட்டில் குடியேறினர்.

அவ்வாறு ஊரிழந்தவர்களுள் ஒருவன், 1937-ல் வீபுரி நகரில் பிறந்த ஒரு சிறுவன். அவன் பிறந்த ஊர் இன்று ரஷ்ய நாட்டில் இருக்கிறது. குவோபியோ என்னும் ஏரிக்கரை ஊரில் அவன் வளர்ந்தான். பிற்காலத்தில் அவரே மார்ட்டி அஹ்திசாரி என்று உலகம் அறிந்த மத்தியஸ்தர் ஆனார். ஊர் விட்டு ஊர் வந்து வாழ்வோரின் மனநிலை நமக்குத் தெரியாததன்று. பிறந்த மண்ணைப் பற்றிய பேச்சு எழும்போது நெஞ்சில் உண்டாகும் அந்த நெகிழ்ச்சியை அவர் தம் பணிக்கு உரமாக்கிக்கொண்டார்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற அவர், 1960-ல் கராச்சி நகருக்குச் சென்று உடற்கல்விப் பயிற்சிப் பணியில் ஈடுபட்டார். பிறகு அரசுப் பணியில் சேர்ந்து தான்சானியாவில் தூதர் ஆனார். தென்மேற்கு ஆப்பிரிக்காவாகிய நமீபியாவின் விடுதலைப் பொறுப்பை ஐக்கிய நாடுகள் சபை அவரிடம் ஒப்படைத்தது. 1989 ஏப்ரலில் அப்பணி தொடங்கிய நாளிலேயே எல்லையில் சண்டை மூண்டது. சில நாள்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஏற்பாடு முழுவதும் உடைந்துவிடும் போல் இருந்தது. ஆயினும் உடையவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தேர்தல் நடந்தது. 1990 மார்ச் 21-ல் நமீபியா விடுதலை பெற்றது. 1994 முதல் 2000 வரை பின்லாந்தின் குடியரசுத் தலைவராக இருந்தார். பதவி முடிந்ததும் ஓய்ந்திராமல், சமரசப் பணிக்கென்றே ஓர் அமைப்பை நிறுவினார்.

இனி அச்சேக்கு வருவோம். இந்தோனேசியாவிலிருந்து பிரிந்து செல்ல வேண்டும் என்று 1976-ல் தொடங்கிய கிளர்ச்சி அது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் 15,000 பேர் வரை மாண்டனர் என்பர். அலை வந்துதான் சமாதானம் பிறந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் விதை அதற்கு முன்பே விழுந்திருந்தது. யூஹா கிறிஸ்டென்சன் என்னும் பின்லாந்து நாட்டவர் இளமையில் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் மொழியாராய்ச்சி செய்தவர், அம்மக்களின் மொழியைப் பேசக் கற்றவர், பிற்காலத்தில் வணிகர். அரசுப் பதவி ஏதும் அவருக்கு இல்லை. அவர் தம் பழைய நட்பைக் கொண்டு ஜகார்த்தாவின் தலைவர்களையும், ஸ்வீடனில் அடைக்கலம் புகுந்திருந்த அச்சேத் தலைவர்களையும் அணுகி, அஹ்திசாரியின் வீட்டு வாயிலுக்கு வழிகாட்டினார். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் டிசம்பர் 26 விடிந்தது.

அலையில் இந்தோனேசியாவில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். ஏறத்தாழ ஒரு மாதத்தில், 2005 ஜனவரி இறுதியில், ஹெல்சிங்கிக்கு அருகே ஒரு பழைய மாளிகையில் இரு தரப்பாரும் எதிரெதிரே அமர்ந்தனர். ஐந்து சுற்றுகள் பேச்சு நடந்தது. எல்லாவற்றிலும் உடன்பாடு காணும் வரையில் எதிலும் உடன்பாடு இல்லை என்பதே அஹ்திசாரி வகுத்த விதி. அச்சேயார் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டனர். அரசோ, பரந்த தன்னாட்சியையும், உள்ளூர்க் கட்சிகள் தொடங்கும் உரிமையையும், கைதிகளுக்கு மன்னிப்பையும் வழங்க இசைந்தது. 2005 ஆகஸ்ட் 15-ல் இருவரும் கையொப்பம் இட்டனர்.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இருக்கிறது. கையொப்பம் இடுவது ஒரு நாள் வேலை. அதன் பின் வரும் நாள்களில், காட்டில் துப்பாக்கியோடு இருப்பவன் முதலில் அதைக் கீழே வைப்பானா, முகாமில் இருக்கும் சிப்பாய் முதலில் வெளியேறுவானா? இருவரும் ஒருவரை ஒருவர் நம்பார். நடுவே நிற்க எவரேனும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் நார்வேயும் சுவிட்சர்லாந்தும் தென்கிழக்காசிய நாடுகள் ஐந்தும் சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழுவை அனுப்பின. அக்குழுவில் இருந்தோர் கையில் ஆயுதம் இல்லை. 840 ஆயுதங்களை நான்கு தவணைகளில் கிளர்ச்சியாளர் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் ஈடாக வெளியிலிருந்து வந்த அரசுப் படைகளில் ஒரு பகுதி திரும்ப வேண்டும். அவர்கள் எண்ணினர், சோதித்தனர், குறித்தனர். ஒப்படைத்த துப்பாக்கிகளைப் பலர் முன்னிலையில் அறுத்தெறிந்தனர். டிசம்பருக்குள் கணக்கு முடிந்தது.

2006 டிசம்பரில் நடந்த தேர்தலில் இர்வாண்டி யூசுப் என்பவர் அச்சேயின் ஆளுநராக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் முன்னாள் கிளர்ச்சியாளர். அலை வந்த அன்று சிறையில் இருந்தவர். சிறைச் சுவரை அலை உடைத்தபோது உயிர் தப்பியவர். புராணக் கதை போன்ற இந்த வரலாற்றுக்கு ஒரு பின்னுரையும் உண்டு. அதே மனிதர் மறுமுறை ஆளுநராக இருந்தபோது 2018-ல் ஊழல் வழக்கில் கைதாகித் தண்டனையும் பெற்றார். சமாதானம் மனிதரைத் தேவராக்குவதில்லை. அவர்களுடைய குற்றங்களைத் துப்பாக்கிக்குப் பதிலாக நீதிமன்றம் விசாரிக்கும் நிலையைத்தான் அது உண்டாக்குகிறது.

இத்தகைய பணிக்கு ஆள்கள் எங்கிருந்து வருகின்றனர்? பின்லாந்து இதைத் தற்செயலுக்கு விட்டுவிடவில்லை. படைசாராத குடிமக்களை நெருக்கடி நாடுகளுக்கு அனுப்புவதற்கென 2004-ல் ஒரு சட்டம் இயற்றியது. 2007-ல் அதற்கென ஒரு நிலையத்தை நிறுவியது. அந்நிலையம் இருப்பது, அஹ்திசாரி வளர்ந்த அதே குவோபியோ ஊரில். காவலர், நீதிபதி, அரசு வழக்கறிஞர், சிறை அலுவலர், எல்லைக் காவலர், மனித உரிமை அறிந்தோர் என்று பல துறையினரை அது தேர்ந்தெடுத்துப் பயிற்றுகிறது. கண்ணிவெடி நிலத்தில் நடப்பது எங்ஙனம், காயம் பட்டவனுக்கு முதலுதவி எது, பிடிபட்டால் நடந்துகொள்ளும் முறை யாது என்பனவெல்லாம் அங்கே பாடங்கள்.

படைவீரர் துப்பாக்கிச் சத்தத்தை நிறுத்தலாம். ஆனால் நிலம் பறிபோன விதவை ஒருத்தி புகார் கொடுக்கக் காவல் நிலையத்தின் படியேற அஞ்சாமல் இருக்க வேண்டுமே! அந்த அச்சத்தைப் போக்கும் வேலை நேர்மையான காவலரும் நீதிபதியும் செய்ய வேண்டியது. கொசோவோவிலும், 2008 போருக்குப் பின் ஜார்ஜியாவிலும், உக்ரைனிலும் பின்லாந்து மக்கள் இப்பணிகளில் பங்கு கொண்டனர்.

இனி, பெரியவர் கேட்ட வினாவின் மறுபாதி. இலங்கைக்கும் இத்தகையோர் வந்தனர். 2002 பிப்ரவரியில் நார்வேயின் முயற்சியால் போர்நிறுத்தம் ஏற்பட்டபோது, நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஐஸ்லாந்து, பின்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கண்காணிப்பாளர் அங்கே பணியாற்றினர். அவர்கள் கையிலும் ஆயுதம் இல்லை. அலைக்குப் பின், உதவிப் பொருள்களைப் பகிர்வதற்காக அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனில் ஒரு கூட்டு ஏற்பாட்டில் கையொப்பம் இட்டனர். அடுத்த மாதமே அதன் முக்கியப் பகுதிகளுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஏற்பாடு செயற்படவே இல்லை. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. ஒன்றிய நாட்டினரைக் கண்காணிப்பாளராக ஏற்க இயலாது என்று புலிகள் கூறினர். பின்லாந்து, ஸ்வீடன், டென்மார்க் மூன்றும் அவ்வாண்டு செப்டம்பருக்குள் விலகின. 2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்தத்தைக் கைவிட்டது, எஞ்சியோரும் திரும்பினர். 2009 மே வரை நடந்தவற்றை நான் இங்கு விரிக்க வேண்டியதில்லை. நம்முள் பலருக்கு அவை செய்தியாக அன்றிச் சொந்தத் துயராகவே வந்து சேர்ந்தன.

அலை ஒன்று, தூதரும் ஏறக்குறைய ஒரே வகையினர். வேறுபாடு எங்கே? அச்சேயில் கண்காணிப்பாளர் வந்தது, அரசியல் தீர்வு எழுத்தில் அமைந்த பின்னர். அத்தீர்வைக் காப்பதே அவர்கள் வேலை. இலங்கையிலோ, தீர்வு காணுமுன்பே அவர்கள் வந்தனர். மீறல்களை எண்ணி எழுதினர், எண்ணிக்கை வளர்ந்தது, தீர்வு பிறக்கவில்லை. காவலிருப்பவர் வீட்டைக் காக்கலாம். இல்லாத வீட்டை எவ்வாறு காப்பர்? இரு தரப்பாரும் தம் இறுதி வேட்கையில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க அச்சேயில் துணிந்தனர். அத்துணிவை வெளியாள் எவரும் கொடுக்க இயலாது.

இதைப் பின்லாந்தும் தன் அனுபவத்தில் அறிந்தது. அஹ்திசாரி கொசோவோவுக்கு வகுத்த திட்டத்தைச் செர்பியா இன்றளவும் ஏற்கவில்லை. உக்ரைனில் 2014-ல் தொடங்கிய சர்வதேசக் கண்காணிப்பு, 2022-ல் ரஷ்யப் படையெடுப்பின் முன் பயனற்று முடிந்தது. அந்தப் படையெடுப்பைக் கண்ட பின்லாந்து, நெடுங்காலம் பேணிய அணிசேராக் கொள்கையைத் துறந்து 2023 ஏப்ரலில் நேட்டோ கூட்டணியில் சேர்ந்தது. 2008-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற அஹ்திசாரி 2023 அக்டோபரில் காலமானார். அச்சேயிலும் எல்லாம் நிறைவேறிவிடவில்லை. ஒப்பந்தம் உறுதியளித்த உண்மை அறியும் ஆணையம் 2016-ல்தான் அமைந்தது. எனினும் அங்கே போர் திரும்பவில்லை.

படையோ செல்வாக்கோ இல்லாத ஒருவர் இரு பகைவரிடையே நிற்பது நமக்குப் புதிதன்று. உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்ட நெடுங்கிள்ளிக்கும் நடுவே கோவூர் கிழார் என்னும் புலவர் சென்று நின்றார். அவரிடம் அஞ்சத்தக்கது ஒன்றும் இல்லை; அதனாலேயே இருவரும் அவர் சொல்லுக்குச் செவி கொடுக்க இயன்றது. சிறிய நாடொன்றின் பலமும் அத்தகையதே.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, சிறிது நேரம் கழித்து, "அந்தத் துப்பாக்கிகளை எண்ணினார்களே, 840 என்று, அவர்கள் எந்தப் படிப்புப் படித்தவர்கள்?" என்றார். காவல்துறையினர், சட்டம் பயின்றோர், இன்னும் பலர் என்றேன்.

"என் பேத்தி சட்டந்தான் படிக்கிறாள். இந்த இதழ் வந்ததும் ஒரு படி கொடுங்கள், தம்பி. அவளிடம் காட்ட வேண்டும்" என்றார்.

இவ்விதழின் ஒரு படியை நானே அவர் இல்லத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன்.