குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு உண்டு, காவலனாக வந்தவனுக்கு?

அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் கிடியன் என்றோர் ஏழை. விளையாட்டு விடுதி ஒன்றினுள் திருடப் புகுந்தார் என்று குற்றம் சாட்டினர். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை, தாமே வாதாடினார், தோற்றார், சிறை புகுந்தார். அங்கிருந்தபடியே பென்சிலால் எழுதிய அவரது விண்ணப்பம் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று. 1963-இல் தீர்ப்பு வந்தது: கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்த வேண்டும்! அவ்வாண்டே மறுவிசாரணை, கிடியன் விடுதலை!

அதே வழக்கு; அதே குற்றச்சாட்டு. மாறியது என்ன? பக்கத்தில் சட்டம் அறிந்த ஒருவர் நின்றார், அவ்வளவே!

போற்றுகிறோம். ஆனால், அதே நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தைப் பாருங்கள். ஓர் ஏழை இளைஞன் காவல் பணிக்கு விண்ணப்பிக்கிறான். எழுத்துத் தேர்வில் வெல்கிறான். உளவியல் வல்லுநர் முன் அமர்கிறான். 'உளத்தகுதி இல்லை' என்று ஓலை வருகிறது. 20 நாள்களுக்குள் அரசுப் பணி ஆணையத்திடம் முறையிடலாம். தன் செலவில் வேறோர் உளவியலாளரின் அறிக்கையையும் அளிக்கலாம். உரிமை உண்டு, வாதாட வழக்கறிஞர்? கைப்பணம் இருந்தால் உண்டு! கிடியன் தீர்ப்பு குற்ற வழக்கோடு நின்றுவிட்டது.

துப்பாக்கி ஏந்தும் கைக்கு உளச்சோதனை வேண்டாம் என்கிறோமா? இல்லை! வெறிகொண்டவனிடம் ஆயுதம் தருவது மக்களுக்குச் செய்யும் கேடு. ஆனால், சோதனை அறிவியல் என்றால் கேள்விக்கு விடை சொல்லட்டும். கேள்வி கேட்கக் கூடாத தீர்ப்பு அறிவியலன்று, அருள்வாக்கு! பூசாரியின் இடத்தில் நிபுணர் அமர்ந்துவிட்டால் அது பகுத்தறிவாகிவிடுமா?

நாம் மட்டுமா கேட்கிறோம்? கறுப்பின மக்களை வடிகட்டிய வேலைத் தேர்வுகளைக் கண்ட அமெரிக்க உச்சநீதிமன்றம், 'தேர்வுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டுக' என்று 1971-இல் கூறிற்று. காவல் பணிக்கான உளச்சோதனையிலும் அத்தொடர்பைக் காட்டவேண்டுமென 1991-இல் நியூ ஜெர்சி உச்சநீதிமன்றம் பணித்தது. நல்ல தீர்ப்பே! ஆனால் அதனை எடுத்துக்காட்டி வாதாட, அதனை அறிந்தவர் ஒருவர் வேண்டாமா?

தோழர்களே! 'தகுதி', 'திறமை' என்னும் சொற்கள் யாரை வாயிலிலேயே நிறுத்தப் பயன்பட்டன என்பதை நாம் மறந்தவர்கள் அல்லர். ஆகவே எந்த நாட்டு ஏழைக்காகவும் நாம் கேட்போம்: தகுதியில்லை என்போர் காரணத்தைக் காட்டட்டும்! மறுத்துரைக்க வசதியற்றவனுக்கு அரசே வழக்கறிஞரைத் தரட்டும்! கூண்டில் நிற்பவனுக்குக் கிடைத்த துணை, காவல் உடை கேட்டு நிற்பவனுக்கும் கிடைக்கட்டும்!