ஒரே தொட்டியில் வாழும் மலர்கள்



தோட்டம் போட நிலம் இல்லாத இல்லங்களிலும் மாடியிலோ வாயிற்படியிலோ நான்கு தொட்டிகளுக்கு இடம் இருக்கும். அவற்றில் இருவகை, மூவகைச் செடிகளைச் சேர்த்து நட்டால் அழகு கூடும் என்பது உண்மையே. ஆயின் அவ்வாறு சேர்க்கும்போது நம்மில் பலர் நிறப்பொருத்தத்தை மட்டுமே நோக்குகின்றோம். செடியின் இயல்பை நோக்குவதில்லை.

இத்தவறு சென்ற ஆண்டு நமக்கும் நேர்ந்தது. அகன்ற சிமெண்டுத் தொட்டி ஒன்றின் நடுவில் காசித்தும்பையும், விளிம்பைச் சுற்றிப் பத்துமணிப் பூவும் நட்டோம். முதலிரு வாரங்கள் அத்தொட்டி கண்ணுக்கு விருந்தாய் இருந்தது. வெயில் ஏறியதும் காசித்தும்பை வாடித் தலைசாய்ந்தது. அதன்மேல் இரக்கங்கொண்டு காலையும் மாலையும் நீர் ஊற்றினோம். பத்துமணிப் பூவோ தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் செடி. ஓயாத ஈரத்தில் அதன் வேர் அழுகிற்று. மாதம் முடியுமுன் முற்றிலும் மடிந்தது. ஒன்றுக்குக் காட்டிய பரிவே மற்றொன்றுக்குக் கேடாய் முடிந்தது.

ஆகவே தாகமும் வெயிலும் ஒத்த செடிகளையே ஒன்றுசேர்த்தல் வேண்டும். முழு வெயில் விழும் மாடிக்கு, நடுவில் வாடாமல்லியும் விளிம்பில் பத்துமணிப் பூவும் ஏற்றவை; இரண்டும் குறைந்த நீரில் தழைப்பவை. உயர்ந்தது நடுவிலும், படர்வது ஓரத்திலும் இருப்பதால் ஒன்றின் நிழல் மற்றொன்றை வருத்தாது. காலை வெயில் மட்டும் படும் வாயிலுக்குக் காசித்தும்பையும் வண்ண இலைகளையுடைய கோலியஸும் பொருந்தும். இரண்டும் ஈரம் விரும்புபவை. ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் தனித்தொட்டியே நன்று.

தொட்டியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. அதன்மேல் ஓட்டுச்சில் வைத்து, செம்மண், மணல், நன்கு மக்கிய சாண எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புக. ஓர் அங்குல ஆழத்திற்கு விரலை நுழைத்துப் பார்த்து, மண் உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்றுக. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் துளை அடைபடாதிருக்கின்றதா எனப் பார்த்தல் நலம். தொட்டியின் கீழ் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அங்கே முட்டையிடும். ஆதலின் அந்நீரை அவ்வப்போது கொட்டிவிடுதல் கடமை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அரளி வேண்டாம். அதன் இலை, பூ, தண்டு அனைத்துமே நஞ்சு.

மடிந்த அச்செடிகளைக் களைந்தெறிந்தபோது நமக்கு ஓர் எண்ணம் எழுந்தது. ஒரே வீட்டில் வளரும் பிள்ளைகளும் ஒரே இயல்பினர் அல்லரே! ஒருவனுக்கு அடிக்கடி அரவணைப்பு வேண்டும். மற்றொருவனைச் சற்றே தனியே விட்டால்தான் தழைப்பான். ஒவ்வாத செடியை வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம். பிள்ளையை அவ்வாறு மாற்ற இயலாது. அவரவர் தாகம் அறிந்து வார்ப்பதே நாம் செய்யக்கூடியது.