கேட்டபின் கோடு போடு!

பூங்கா என்றதும், சீமான் வீட்டுக் குழந்தை ஆயாவின் கைபிடித்து உலவும் இடம் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! ஆலைச் சங்கு ஊதி, வியர்வை உலர்ந்து, வீட்டுக்குள்ளே காற்றுமில்லை இடமுமில்லை என்று வெளியே வரும் பாட்டாளி, காசு கொடுக்காமல் கால்நீட்டி உட்கார உள்ள இடம் அது. கதவில்லாத மாளிகை! 1949 செப்டம்பர் 18-ஆம் நாள், கொட்டும் மழையிலே, இராயபுரம் ராபின்சன் பூங்காவிலே கூடிய கூட்டத்தை நாடு அறியும். தியாகராய நகரிலே ஒரு பூங்கா பனகல் அரசரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மற்றொன்று, பார்ப்பனரல்லாத மாணவர் தங்கிப் படிக்க இல்லம் கண்ட டாக்டர் நடேசனாரின் பெயரை. எனவே, பூங்காவைப் பற்றி நாம் எழுதுவது பொழுது போகாமல் அல்ல.

இப்போது பூங்கா அமைப்பதும் ஒரு படிப்பு. கட்டடக்கலை பயிலும் மாணவர், ஐந்தாண்டுப் படிப்பிலே ஒரு பருவம் வெளியே சென்று தொழில் பழகுகிறார். நகரமைப்பும் சமூகப்பணியும் பயில்வோரும் அப்படியே களத்துக்குப் போகிறார்கள். 'இன்டர்ன்ஷிப்' என்கின்றன கல்லூரிகள். பயிற்சிப் பணி என்போம் நாம். நிலத்தை அளப்பது, மழைநீர் ஓடும் தடம் பார்ப்பது, மரங்களை எண்ணுவது, ஊராரைக் கண்டு 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பது, பிறகு படம் வரைவது, இவை வேலை. வரவேற்கிறோம், வாயார வரவேற்கிறோம்! நாற்காலியிலே உட்கார்ந்து நாட்டை வரைந்த காலம் போய், நடந்து பார்த்து வரையும் காலம் வருமானால் அது நல்ல காலந்தானே! 1915-இலேயே சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்த ஸ்காத்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ், ஆராய்ந்தறியாமல் திட்டம் தீட்டலாகாது என்று அன்றே வற்புறுத்தினார்.

ஆனால் யாரைக் கேட்பது? கோடு போட்ட பிறகா, போடுவதற்கு முன்பா? இந்தக் கேள்வியோடு ஜவ்வாது மலை ஏறுவோம்.

ஜமுனாமரத்தூருக்குக் கோடையிலே சமவெளி மக்கள் வருகிறார்கள். கோலப்பன் ஏரியிலே படகு, பீமன் அருவியிலே குளியல். வரட்டும்! வேலூர் வெயிலிலே வெந்தவன் வேறெங்கே போவான்? பணமிருப்பவனுக்கு உதகை, பேருந்துக் கட்டணம் மட்டும் இருப்பவனுக்கு இந்த மலை. கூட்டம் வந்தால் பூங்கா வேண்டும் என்ற பேச்சு வரும். பூங்கா என்றால் படம் வரைய மாணவரும் வருவர். எனினும், அது ஆளில்லா மலையல்ல. மலையாளி எனும் பழங்குடி மக்கள் வாழும் மலை. கேரளத்தாரல்லர், தமிழ் பேசுவோர், மலையிலே வாழ்வதால் பெற்ற பெயர் அது. சாமை விதைத்து, தேன் எடுத்து, புளியும் கடுக்காயும் சேர்த்துப் பிழைப்பவர்கள். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று தமக்கென நாடு வகுத்து வாழ்ந்தவர்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானபோது அந்த மூன்று நாடுகளும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஜமுனாமரத்தூரோ திருவண்ணாமலை மாவட்டம். கோப்பு இரண்டு, மலை ஒன்று!

ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். நகரத்து மாணவர் வருகிறார், நல்ல பிள்ளை. கையிலே அளவுக் கருவி.

"இது வெறும் இடந்தானே, பெரியவரே?"

"வெறும் இடமா? அறுப்பு முடிஞ்சா இதுதான் தம்பி எங்க களம். அந்த ஓரத்துல மாடு படுக்கும். மேற்கால மரத்தடியில எங்க சாமி."

"படத்திலே ஒன்றும் இல்லையே!"

"படம் போட்டவங்க எங்களை எப்பக் கேட்டாங்க?"

படத்திலே இல்லை! இந்த ஒரு சொல்லிலே ஊர்கள் கரைந்திருக்கின்றன, தோழர்களே. நியூயார்க் நகரத்து சென்ட்ரல் பார்க்கை உலகமே புகழ்கிறது. அந்தப் பசும்புல்லுக்கு அடியிலே செனெகா கிராமம் இருந்தது. ஏறத்தாழ 225 பேர். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சொந்த வீடு கட்டி, மூன்று தேவாலயமும் ஒரு பள்ளியும் வைத்து வாழ்ந்தவர்கள். பூங்காவுக்காக 1857-க்குள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். பொதுமக்களுக்காகப் பூங்கா! அந்த மக்கள் பொதுமக்கள் இல்லையோ?

நமக்குச் சட்டம் துணையிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்திலே ஒரு பிரிவு. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, சாலை, குடிநீர் என்று 13 வகைப் பொதுத்தேவைக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவாக, எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரைத்தால் வன நிலம் தரலாம் என்கிறது. அந்தப் பதின்மூன்றிலே சுற்றுலாப் பூங்கா இல்லை. எது இருக்கிறது தெரியுமா? தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது! சட்டம் எழுதியவர் எண்ணியே எழுதினாரோ, எண்ணாமல் எழுதினாரோ, நம் வழக்குக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அந்தச் சட்டத்தின்படி கூடும் கிராம சபைக்கு உறுப்பினரில் பாதிப்பேர் வரவேண்டும். வந்தவரில் மூன்றிலொரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும். நாலு பேரைத் தேநீர்க் கடையிலே பார்த்துத் தாளிலே கையொப்பம் வாங்கி, 'மக்களைக் கலந்தோம்' என்று எழுதிவிட முடியாது. மாணவர் முதலில் பழக வேண்டிய பாடம் இதுதான் என்போம். மரத்தின் நிழலை அளக்கும் பாடம் அதற்குப் பிறகு வரட்டும்.

இனிக் கூலிக் கணக்கு. ஆலைத் தோழர்களுக்கு 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் தெரியும். அப்ரண்டிசாகச் சேர்ந்தவனுக்கு மாதந்தோறும் உதவித்தொகை தந்தாக வேண்டும். கல்லூரியிலிருந்து பயிற்சிப் பணிக்கு வருபவருக்கு அந்தச் சட்டக் காப்பு இல்லை. கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் சான்றிதழோடு சரி! விளைவு என்ன? வயிற்றுச் சோற்றுக்கு வீட்டிலிருந்து பணம் வரும் பிள்ளை பழகுகிறான். மலையிலே பிறந்து, முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசல் கண்டவன், விடுமுறையென்றால் கூலிக்குப் போகிறான். அவன் மலையை வேறொருவன் வரைகிறான். அவன் மண்வெட்டியோடு வந்து அந்தப் படத்தின்படி குழி தோண்டுகிறான்!

கூலிக்குப் போவது என்றதும், 2015 ஏப்ரல் 7 நெஞ்சிலே வந்து நிற்கிறது. ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டிலே, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி அந்த மாநிலப் படையினர் சுட்டதிலே 20 தமிழர்கள் மாண்டனர். ஜவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் அடிவார ஊர்களிலும் ஒப்பாரி எழுந்தது. அவர்கள் கையிலே இருந்தது என்ன? மரத்தைப் பார்த்தால் அதன் பெயரும் வயதும் வயிரமும் சொல்லும் அறிவு! அந்த அறிவுக்குச் சொந்த ஊரிலே ஒருவரும் விலை வைக்கவில்லை; தரகன் வைத்தான். பூங்கா அமைப்பவனுக்கு எந்தச் செடி எந்தச் சரிவிலே நிற்கும், எந்த ஊற்று கோடையிலே வற்றும் என்பதைவிட வேறென்ன தெரியவேண்டும்? அதைச் சொல்லித் தரும் பெரியவர் ஆசிரியர். அவருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று ஊதியம் ஒதுக்கப்பட வேண்டும். பேராசிரியருக்குப் படி கொடுக்கிறார்களே, பெரியவருக்கு மட்டும் ஒரு தேநீரோடு முடித்துவிடுவதா?

மலைப்பிள்ளைகளால் முடியுமா என்று எவரேனும் இழுத்தால், 2024-ஐ நினைவூட்டுங்கள். ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பெண், பிள்ளை பெற்ற சில நாளிலே சென்னை சென்று தேர்வெழுதி, உரிமையியல் நீதிபதியாகத் தேர்வு பெற்றார்! தீர்ப்பெழுத முடிந்த கைக்கு வரைபடம் எழுதவா முடியாது?

ஒரு செய்தி, இடையிலே. இந்த மலையின் காவலூரிலே 1968-இல் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது, 1986-இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி. வானம் இருட்டாக இருந்ததால் வந்தவை அவை. பூங்கா என்றாலே வானைப் பார்த்து வெளிச்சம் கக்கும் உயர்ந்த விளக்கு என்று எண்ணுவோர் உண்டு. மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்த விளக்கு போதும். நடப்பவனுக்குக் கால்வழி தெரியும், விண்மீனும் பிழைக்கும். எந்த விளக்கு எவ்வளவு கூசுகிறது என்று இரவிலே அளந்து எழுதுவதும் ஒரு பயிற்சிதான்.

நாம் கேட்பது பெரிதல்ல. ஜவ்வாது மலையிலே பூங்கா வரையும் ஒவ்வொரு பயிற்சிக் குழுவிலும் பாதி இடம் மலைப்பிள்ளைகளுக்கு. 'நான் முதல்வன்' என்று 2022-இல் கண்ட திட்டம் போன்றவற்றின் வழியே அவர்களுக்கு மாதத் தொகை. மே 1-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது, உழைப்பாளர் நாள். அப்படிப்பட்ட நாளிலே, வெறும் தாளை விரித்து வைத்துக் கேட்கட்டும். சாமை அறுப்பு நடக்கும் நாளிலே ஊரைக் கூட்ட வேண்டாம்; வயதானவர் மட்டுமே வருவர், பெண்கள் வரமாட்டார்கள். வரைந்த படத்தின் ஒரு படி ஊராட்சி அலுவலகச் சுவரிலே, தமிழிலே, களமும் சாமி மரமும் குறிக்கப்பட்டு ஒட்டப்படட்டும்; அடியிலே வரைந்த மாணவர் பெயரும், வழிகாட்டிய ஊரார் பெயரும்.