காரும் கௌரவமும்

சென்னையில் 2025 ஜூன் மாதத்தில் மின்சார பஸ்கள் விடப்பட்டன. முதல் தவணையாக வந்தவை 120. புகையில்லை, இரைச்சல் குறைவு, தளம் தாழ்ந்திருப்பதால் கிழவர்களும் சிரமமின்றி ஏறலாம். மின்சாரத்தில் பலரும் சேர்ந்து போவது சென்னைக்குப் புதிதுமல்ல. 1895-லேயே அங்கு மின்சார டிராம் ஓடி, 1953-ல் நின்றது. 1931-ல் வந்த தாம்பரம் மின்சார ரயில் இன்றும் ஓடுகிறது. அப்படியிருந்தும் காருள்ளவரை பஸ்ஸில் ஏறச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார் என்றால், சங்கதி யந்திரத்தில் இல்லை, மனதில்தான் இருக்கிறது.

கேட்டால் செலவு என்பார், நேரம் என்பார். செலவைப் பார்ப்போம். கார்க்காரர் பெட்ரோலை மட்டுமே கணக்கில் எழுதுகிறார். கடனுக்கு வட்டி, இன்ஷூரன்ஸ், ரிப்பேர், வருஷா வருஷம் வண்டியின் விலை இறங்குவது ஆகியவை அவர் கணக்கில் ஏறுவதேயில்லை. டிக்கட்டுக்கோ ஒவ்வொரு தடவையும் காசு எடுத்துக் கொடுப்பதால் அது மட்டும் உறைக்கிறது. நாளில் பெரும்பாகம் சும்மா நிற்கும் சாமானுக்குத் தீனி போட்டுக்கொண்டு டிக்கட் விலை அதிகம் என்பது என்ன கணக்கோ தெரியவில்லை. நேரமும் இப்படியே. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பத்து நிமிஷம், உட்கார்ந்து போகும் இருபது நிமிஷம்போல் தோன்றுவது மனித சுபாவம் என்று பல நாட்டு ஆராய்ச்சிக்காரர்களும் கண்டிருக்கிறார்கள். கார்க்காரரும் தெருச்சந்தியில் நிற்கத்தான் நிற்கிறார். ஆனால் ஸ்டீயரிங் தன் கையிலிருப்பதால் எல்லாம் தன் இஷ்டப்படி நடப்பதாக நினைத்துக் கொள்கிறார்.

மின்சார வண்டி நடுவழியில் நின்றுவிடுமாம். இந்தக் கவலை சொந்தத்தில் மின்சாரக் கார் வாங்கியவருக்கு இருக்கலாம். பஸ்ஸில் போகிறவருக்கு ஏன்? அது டிப்போக்காரர் பாடு.

இவையெல்லாம் வெளிச்சாக்குகள். அடியில் இருப்பது கௌரவம். "பஸ்ஸிலா வந்தீர்கள்?" என்று கல்யாண வீட்டில் ஒருவர் கேட்டுவிட்டால் போதும், மறுமாதமே கடன் வாங்கியாவது கார் வாங்கும் யோக்கியர்கள் நம்மில் உண்டு. அதற்கும் அடியில், பக்கத்தில் யார் உட்காருவார்களோ என்ற எண்ணம். 1930-ஐ ஒட்டி ராமநாதபுரம் ஜில்லாவில் பஸ்காரர்கள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தபோது, ஜில்லா போர்டு தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன், மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போடவேண்டியிருந்தது. இன்று யாரும் பஸ்ஸில் ஏறலாம். ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனியே போவதில் காணும் திருப்தியில் அந்தப் பழைய வாசனை சற்றும் இல்லையென்று சம்பந்தப்பட்டவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

நிற்க, இரவில் தனியே வீடு திரும்பும் பெண்ணும், நோயாளியும், பஸ்ஸே எட்டிப்பார்க்காத ஊரிலிருப்பவரும் சொல்லும் ஆட்சேபணை மனப்பிராந்தியல்ல, நியாயமான குறை. அதைச் சர்க்கார்தான் தீர்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு உபதேசத்தைவிட அனுபவமே மருந்து. ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில் 2006-ல் நகருக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் விதித்துச் சுமார் ஏழு மாதம் சோதனை செய்தார்கள். கூடவே பஸ்களையும் அதிகப்படுத்தினார்கள். முதலில் ஜனங்களில் பெரும்பாலோர் எதிர்த்தனர். கார் நடமாட்டம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்த செப்டம்பரில் ஓட்டெடுத்தபோது நகரத்தார் பெரும்பான்மையாக ஆதரித்தார்கள்.

நம் மந்திரிகளும் பெரிய உத்தியோகஸ்தர்களும் வாரத்தில் ஒருநாள், முன்னறிவிப்பின்றி, படத்துக்கு ஆள் வைக்காமல் இந்த மின்சார பஸ்ஸில் ஆபீசுக்குப் போகட்டும். பஸ் நேரத்துக்கு வராவிட்டால் அதுவும் அவர்களுக்கு அன்றே தெரிந்துவிடும்.