வெண்ணெய் போடாவிட்டால் பெயரையும் பிடுங்கிக்கொள்வீர்களா?



நீளமான பதிவுதான். வகுப்பில் இதைவிட நீளமாகவே கேட்டிருக்கிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்தில் கார்க் நகரில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பேத்திக்கு 16 வயது. பால், தயிர், வெண்ணெய் எதையும் தொடுவதில்லை என்று ஒரு வருடமாக இருக்கிறாள். போன அக்டோபர் 31, ஹாலோவீன் இரவுக்கு இந்த ஊர் வழக்கப்படி கோல்கேனன் செய்தாள். மசித்த உருளைக்கிழங்கில் முட்டைக்கோஸோ கேல் கீரையோ சேர்த்து, பாலில் வேகவைத்த வெங்காயத்தாளும் கலந்து, நடுவே குழி பண்ணி வெண்ணெயை உருகவிடுவார்கள். இவள் பாலும் வெண்ணெயும் இல்லாமல் செய்து, படத்தைக் குடும்பக் குழுவில் போட்டாள்.

"வெண்ணெய் இல்லாததுக்கு அந்தப் பேர் எதுக்கு? வேற பேர் வை. பாரம்பரியத்தைக் கெடுக்காதே" என்று நம் உறவில் ஒருவர் எழுதினார். குழந்தை படத்தை நீக்கிவிட்டாள். பெயர் சொல்ல மாட்டேன். அவரும் இதைப் படிப்பார்.

தம்பி, முதலில் பெயரையே பார்ப்போம். ஐரிஷ் மொழியில் அதற்கு வெள்ளைத்தலை முட்டைக்கோஸ் என்று பொருள். இதில் வெண்ணெய் எங்கே இருக்கிறது? உருளைக்கிழங்குகூட இல்லையே! அந்தக் கிழங்கும் தென் அமெரிக்காவில் பிறந்து, 16-ஆம் நூற்றாண்டின் கடைசிவாக்கில்தான் அயர்லாந்துக்கு வந்தது. எங்கிருந்தோ வந்த கிழங்கு பாரம்பரியம் ஆகலாம், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றினால் மட்டும் கெட்டுப்போகுமா?

வெண்ணெய்க் கதையையும் கேளுங்கள். இந்த ஊரில் ஷேண்டன் என்ற பகுதியில் வெண்ணெய்க்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1770-இல் தொடங்கி 1924-இல் மூடிய வெண்ணெய்ச் சந்தை நடந்த வட்டாரம் அது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை. குடியானவர் வீட்டில் கடைந்த வெண்ணெய் உப்புப் போட்டு மரப்பீப்பாயில் அடைபட்டு, தரம் பார்க்கப்பட்டு, இங்கிலாந்துக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பலேறியது. விற்ற காசு நிலக்கிழாருக்குக் குத்தகையாகப் போனது. ஏழை வீட்டில் மிஞ்சியது கிழங்கும் மோரும். மோர் கிடைக்காத மாதங்களில் கிழங்கும் உப்பும்.

1845-இல் கிழங்குக்கு அழுகல் நோய் வந்தது. அடுத்த சில வருடங்களில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள். அந்த வருடங்களிலும் வெண்ணெய் கப்பலேறிக்கொண்டேதான் இருந்தது. வெண்ணெய் தொடாமல் கிழங்கு தின்றவர்களைப் பாரம்பரியத்தில் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா?

பழைய ஐரிஷ்காரர்கள் எல்லாம் வீகன் என்று சொல்ல வரவில்லை. குழி நிறைய வெண்ணெய் பண்டிகை நாளின் ஆசை, அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஹாலோவீன் அன்று கத்தோலிக்கர்கள் இறைச்சியை விலக்கினார்கள். அந்த இரவுக்கு இந்தப் பண்டம் பொருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம். ஒன்றை வேண்டாம் என்று ஒதுக்கிவைப்பதும் இவர்கள் வழக்கத்தில் உள்ளதுதான்.

வீகன்காரர்களுக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். கடையில் டப்பாவில் விற்கும் போலி வெண்ணெயை வாங்கி அப்பினால் ஆயிற்றா? பேத்தி முதல் தடவை ஊற்றியது இனிப்புச் சேர்த்த பாதாம் பால். வெனிலா வாசனையோடு உருளைக்கிழங்குப் பாயசம் ஆகிவிட்டது! (அதைத் தின்று முடித்தது நான்தான்.) அடுத்த தடவை இனிப்பில்லாத ஓட்ஸ் பாலில் வெங்காயத்தாளை வேகவிட்டோம். ஓட்ஸ் இந்த மண்ணிலேயே விளைவது. குழிக்கு ரேப்சீட் எண்ணெய், அதன் மஞ்சள் வயல்களும் இங்கே உண்டு. ரூஸ்டர் மாதிரி மாவுக்கிழங்காகப் பார்த்து வாங்க வேண்டும். வெந்ததும் தண்ணீரை வடித்து, அதே சட்டியில் சிறு தீயில் ஈரம் போக வைத்து, கையால் மசிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் மாவுச்சத்து வெளியே வந்து போஸ்டர் ஒட்டும் பசைதான் மிஞ்சும். உப்பு வெண்ணெய் இல்லாததால் உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும்.

குழியில் எண்ணெய் மினுங்க, ஓரத்திலிருந்து ஒவ்வொரு கரண்டியாக அதில் தொட்டுச் சாப்பிட்டோம். மருமகன் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

படத்தை மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன், அதே பெயரில். ஆட்சேபம் இருப்பவர்கள் குழந்தைக்கு எழுத வேண்டாம், எனக்கு எழுதுங்கள்.