எந்த வலை வேண்டும் என்று கேட்பது பிற்போக்கா?

சுருக்குமடி வலையை எதிர்க்கும் மீனவர்கள் அமெரிக்காவின் அமிஷ் கிறிஸ்தவச் சமூகத்தினரைப்போல் நவீனத்துக்கு அஞ்சுகிறார்கள் என்ற வாதம் இரு தரப்பையும் அறியாதது.

அமிஷ்காரர்கள் எல்லாவற்றையும் ஒதுக்குவதில்லை. வீட்டுக்குள் தொலைபேசி வேண்டாம் என்ற பல ஊர்களில், வெளியே ஒரு கொட்டகையில் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். ஒரு கருவி ஊரை என்ன செய்யும் என்பதே அவர்கள் கேள்வி.

பழவேற்காட்டின் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்து பாருங்கள். கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்துவிட்டது. எஞ்சின், செல்போன் எல்லாம் உண்டு. எது மறுக்கப்பட்டது? சுருக்குமடிதான். காரணம் உண்டு. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடம் ஒருவருக்கே போய்விடாமல், உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்து வலை கட்டுகின்றன. இன்று உமக்கு, நாளை எனக்கு. கடலில் ஒரே வளைப்பில் மீன் கூட்டத்தையே அள்ளும் சுருக்குமடியில் இப்படிப் பங்கிடும் எண்ணத்துக்கு இடமேது?

தமிழக அரசே 2000-இல் சுருக்குமடியைத் தடைசெய்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக அனுமதித்தபோதும், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டே நாள் என்றுதான் சொன்னது. மீனவன் கேட்டதும் கட்டுப்பாடுதான். அவனைப் பிற்போக்குவாதி என்பது அநியாயம்.